வெள்ளரிக்கு வரியில்லை

வெள்ளரிக்காய் குளிர் காய்ந்தால் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. வெள்ளரி போடுகிறவனின் மதினி குளிர் காய்ந்தால் கட்ட வேண்டும். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஜிரிசான் மலையடிவாரத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் கேட்டுக் கேட்டு வாய் வலித்து ஓய்ந்த கேள்வி அது.

கிவானுக்கு மூன்று பசுமைக்குடில்கள். வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தாலும் உள்ளே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் காய் பறிக்க முடியும். பயிருக்கென்று கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும் மண்ணெண்ணெய்க்கு வரி கிடையாது. ஆனால் அந்த எண்ணெய் குடிலின் சூடேற்றியைத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டு போகக்கூடாது. வீட்டுத் தரையைச் சுடவைக்கும் பாய்லரில் ஊற்றியது தெரிந்தால், விட்ட வரியைப் பிடுங்குவதோடு விட மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு வரியில்லா எண்ணெயே கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள். கிவானுக்கு ஏற்கெனவே கழுத்து வரை கடன். இரண்டு குளிர்காலம் வரியோடு எண்ணெய் வாங்கி வெள்ளரி போட்டால் குடிலோடு வீடும் சேர்ந்து போய்விடும். இது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி போக்சிமுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம்தான் எரிபொருள் வரியை ஏற்றினார்கள். ஜனங்கள் குறைவாக எரிக்க வேண்டும், மெல்ல எல்லாரும் குழாய் எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்பது திட்டம். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழாய்தான் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் தை மாதக் குளிரில் பனியனோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள் வீட்டுக்குள்ளேயே குல்லா போட்டுக்கொண்டு திரிந்தோம். குறைவாக எரிக்க வேண்டும் என்றார்களே, அது மட்டும் அப்படியே பலித்தது.

கிவானின் மதினி தால்சுன், செத்துப்போன அண்ணன் கிஜுனின் மனைவி. எழுபது தாண்டியவள், பிள்ளை இல்லை. குடில்களின் பின்சுவரை ஒட்டியிருக்கும் மூதாதையர் வீட்டில் ஒண்டியாக இருந்தாள். பகலில் கவலையில்லை. ஊர்க்கூடத்தில் அரசாங்கச் செலவில் தரை சுடும். பெண்பிள்ளைகள் எல்லாரும் அங்கே கூடிச் சமைத்து, சாப்பிட்டு, பூச்சீட்டு ஆடி, ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொண்டு கிடப்பார்கள். பொழுது சாய்ந்தால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அவரவர் வீடு, அவரவர் குளிர்.

எங்கள் பாய்லர்களில் 'வெளியே போயிருக்கிறோம்' என்று ஒரு பொத்தான் உண்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது தரைக்கு அடியில் ஓடும் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க எப்போதாவது கொஞ்சம் எரிந்து அணையும். தால்சுன் வீட்டுக்குள் இருந்துகொண்டே அந்தப் பொத்தானை அமுக்கி வைத்திருந்தாள். கரண்டில் லேசாகச் சூடாகும் கரண்டுப் பாய் மேல் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுப்பாள்.

ஏழைகளுக்கு எண்ணெய்க் கூப்பன் கொடுக்கத்தான் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? உங்கள் பேரில் நிலம் இருக்கிறதே அம்மா என்று சொல்லிவிட்டார்கள். எந்த நிலம்? கிவானின் குடில்கள் நிற்கிற அதே நிலம்தான். பதில் கேட்டு வந்த அன்றைக்கு அவள் கிவானிடம் சொன்னாள்: "நிலத்தைக் கொளுத்திக் குளிர் காயச் சொல்றாங்க போலிருக்கு தம்பி. எடு தீப்பெட்டிய."

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க மதினி" என்றான் கிவான். அது எத்தனையாவது தடவை என்று அவனுக்கே தெரியாது.

"எதுக்கு? மூத்த மருமக வீட்டப் பூட்டிட்டுக் கொழுந்தன் வீட்டு மூலையில போய்ப் படுத்துக்கவா? உங்க அண்ணன் திவசத்துக்கு வந்து கதவத் தட்டினா யாரு தொறப்பா? பக்கத்து வீட்டுல கேளுன்னு சீட்டு எழுதி ஒட்டிட்டு வரட்டுமா?"

ஒருமுறை அவன் எண்ணெய் வியாபாரி மான்ஹோவின் லாரியை அவள் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தான், வரி கட்டின எண்ணெய்தான். அவள் வாசலிலேயே வழிமறித்தாள். "கடன்ல முங்கிக் கெடக்கறவன் காசுல நான் கால நீட்டிப் படுக்கறதா? லாரியத் திருப்பு" என்று துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். மான்ஹோவுக்கு அன்றைக்கு அதுதான் ஒரே வியாபாரம். திட்டிக்கொண்டே போனான்.

ஒரு காலையில் போக்சிம் கொடுத்தனுப்பிய கிம்ச்சி ஊறுகாய்ச் சாடியோடு கிவான் மதினி வீட்டுக்குப் போனான். அவள் ஊர்க்கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள். சாடியை உள்ளே வைக்கலாம் என்று கதவைத் திறந்தவன் அண்ணன் படத்தைப் பார்த்தான். படத்துக்கு முன்னால் தினமும் அவள் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். தண்ணீர் கல்லாக உறைந்து, கிண்ணத்தில் விரிசல் விட்டிருந்தது. அறைக்குள், கூரைக்குக் கீழே, அவள் படுக்கிற பாய்க்கு ஒரு கை தூரத்தில். கிவானுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இந்த அண்ணன்தான் அவனுக்குப் படிக்கப் பணம் கட்டியவன். இந்த மதினிதான் தன் கல்யாண மோதிரத்தை விற்று அவனுடைய முதல் குடிலுக்குக் கம்பி வாங்கிக் கொடுத்தவள்.

அன்றைக்கே கேன் கேனாகக் குடிலின் தொட்டியிலிருந்து எடுத்துப்போய் அவள் வீட்டு பாய்லர்த் தொட்டியை நிரப்பினான்.

போக்சிம் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன பைத்தியமா? கண்டுபிடிச்சா நம்ம கதி என்ன?"

"வெள்ளரிப் பிஞ்சுக்குக் குளிரக் கூடாதுன்னு ராத்திரி எழுந்து எழுந்து பாக்கறேன். அங்க எங்க அண்ணன் முன்னால தண்ணி உறைஞ்சு கெடக்குடி."

போக்சிமுக்கு மட்டும் மனசு இல்லையா என்ன? பயம்தான்.

மதினி சாயங்காலம் வந்து கதவைத் திறந்ததும் கால் சுட்டிருக்கிறது. நேரே பின்சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "தம்பி, இது எந்த எண்ணெய்?" என்றாள்.

"மிச்சம் மதினி. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"தப்பில்லையா?"

"தப்புதான்."

திட்டப்போகிறாள் என்று கிவான் நினைத்தான். "பாதத்துல உயிர் வந்த மாதிரி இருக்கு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். போக்சிம்கூட அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்ன சொல்லைத் தால்சுன் காப்பாற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் சூடான தரையைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? சோயாப் பயறை வேகவைத்து, வைக்கோல் போட்ட கூடையில் கொட்டி, தரையில் எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கே வைத்து, போர்வை மேல் போர்வையாகப் போர்த்திவிட்டாள். இரண்டு மூன்று நாள் தரை விடாமல் சுட்டால்தான் பயறு நொதித்து நூல் நூலாக இழுபடும். அதுதான் சோங்குக்ஜாங். குழம்பு வைத்தால் தேவாமிர்தம். வாசனையோ, கழற்றிப்போட்ட காலுறை தோற்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை மறைக்க முடியாது.

இரண்டு குளிர்காலமாக ஊரில் யாரும் சோங்குக்ஜாங் செய்யவில்லை. அவ்வளவு நேரம் தரையைச் சுடவைக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? இவளோ செய்ததோடு நில்லாமல் வீட்டுக்கு ஒரு கிண்ணமாக ஊரெல்லாம் கொடுத்தாள். தான் மட்டும் தின்றால் தொண்டையில் இறங்காத பிறவி. ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம். சங்கத்து எண்ணெய்க் கணக்குப் பார்க்கிறவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம். லாரியைத் திருப்பிய பாவத்துக்கு மான்ஹோவுக்கும் ஒரு கிண்ணம்!

மான்ஹோ குடில் வாசலில் வண்டியை நிறுத்தி, கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, உங்க மதினி ரொம்பக் கைதேர்ந்தவங்க. எண்ணெயே வாங்காம பயற நொதிக்க வைக்கறாங்களே, எங்க வீட்டுக்காரிக்கும் அந்த வித்தையச் சொல்லித்தரச் சொல்லுங்க."

"கரண்டுப் பாய்ல வச்சாங்களாம்டா" என்று கிவான் சிரித்துச் சமாளித்தான்.

"கரண்டுப் பாய்லயா? சரிதான். நான் ஒருத்தன்தான் இந்த ஊருல வரி போட்ட எண்ணெயக் கட்டிட்டு அழறேன்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கிவான் மதினியிடம் ஓடினான். "ஏன் மதினி இப்படிச் செஞ்சீங்க?"

"நான் ஒரு வார்த்தை பேசல தம்பி" என்றாள் அவள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் இரண்டாவது கூடைப் பயறு தரையில் நொதித்துக்கொண்டிருந்தது.

யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். மான்ஹோதான் என்று ஊர் சொன்னது. இல்லவே இல்லை என்று அவன் கண்ட கண்ட சத்தியமெல்லாம் செய்தான். யாராக இருந்தால் என்ன? குளிரில் கிடக்கிறவனுக்கு அடுத்தவன் வீட்டுச் சூடு கண்ணை உறுத்தத்தான் செய்யும். அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

ஒருநாள் கிவானும் போக்சிமும் இருட்டோடு காய் ஏற்றிக்கொண்டு டவுன் ஏலத்துக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஊர்த்தலைவர் வழக்கம்போல் ஒலிபெருக்கியில் தொண்டையைக் கனைத்து அறிவித்தார்: நாளைக் காலை வரியில்லா எண்ணெய் சோதனைக்கு அதிகாரி வருகிறார், குடில்காரர்கள் வீட்டில் இருக்கவும், தால்சுன் அம்மாவும் இருக்கவும். ஊர் முழுக்கக் கேட்டது. கேட்காதது கிவானும் போக்சிமும்தான். சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது, தெரிந்திருக்கும் என்று நினைத்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அலுப்பில் கிவான் மூன்றாவது குடில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்து வாசலில் நின்று வணக்கம் சொன்னார். போக்சிம் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டாள். அதிகாரி நடுவயது மனிதர், குரலை உயர்த்தாமல் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"உங்க மதினி வீட்டைக் கொஞ்சம் பாக்கணுமே" என்றார்.

இருபது அடி தூரத்தைக் கிவான் எப்படி நடந்தான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். மனசுக்குள் குடிலின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுக்கொண்டே நடந்தான்.

தால்சுன் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாக வாசலில் நின்றிருந்தாள். "வாங்க. உள்ள குளிரும், பூட்ஸக் கழட்டாதீங்க" என்றாள். பெரியவர்கள் வீட்டுக்குள் பூட்ஸோடு போகிற வழக்கம் எங்கும் உண்டா? அதிகாரி கூசிக்கொண்டு கழற்றிவிட்டே உள்ளே போனார். தரையில் கால் வைத்தவர் சட்டென்று குதிகாலைத் தூக்கினார். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பனிக்கட்டி. பாய்லர்த் தொட்டியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். வறண்டு கிடந்தது.

கிவானுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. முந்தாநாள் பாதித் தொட்டி இருந்ததே! அவன் மதினியைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள். அவள் உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. நேற்று ஊரே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவள் கைப்பம்பால் ஒவ்வொரு கேனாக இறைத்து, தள்ளுவண்டியில் வைத்து, பின்சுவரைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய்க் குடிலின் தொட்டியிலேயே திரும்பக் கொட்டியிருக்கிறாள்.

"அப்போ அந்த சோங்குக்ஜாங்?" என்றார் அதிகாரி.

"வாங்க, காட்டறேன்."

மூன்றாவது குடிலில் சூடேற்றிக்குப் பின்னால், போர்வை போர்த்திய பயறுக் கூடை சொகுசாக உட்கார்ந்திருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. "இங்கதான் எப்பவும் வைப்பேன்" என்று கூசாமல் சொன்னாள். அதிகாரி சூடேற்றி ஓடிய நேரத்தையும் தொட்டியில் மீதி இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. இவ்வளவுதான் என்று அவர் முகம் இளகியது. அவரும் சோங்குக்ஜாங் தின்று வளர்ந்த பிள்ளைதானே.

"பயறும் விளைபொருள்தான். வச்சுக்கங்க, பரவால்ல."

"அப்போ ராத்திரில நானும் அதுக்குப் பக்கத்துல ஒரு பாயப் போட்டுப் படுத்துக்கலாமா?"

அதிகாரி விளையாட்டென்றுதான் முதலில் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அது முடியாதும்மா. குடில்ல ஆள் தங்கக் கூடாது. ஆள் படுத்தா அது வீடாயிடும். வீடுன்னா வரி."

"பயறு படுக்கலாம். நான் படுக்கக் கூடாது."

"சட்டம் அப்படித்தான் இருக்கு" என்று அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கம்மாவும் மண்ணெண்ணெய் வீட்டுலதான் இருக்காங்க."

"அவங்களையாவது கூட்டிட்டு வந்து உங்க கூட வச்சுக்கங்க."

"வர மாட்டேங்கறாங்க" என்றார் அவர்.

வாசலில் கூடியிருந்த ஊர்ப் பெண்கள் 'பயறுப் படுக்கை' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தால்சுனும் சேர்ந்து சிரித்தாள். கிவானால் மட்டும் முடியவில்லை. குடில் பிழைத்தது, கடன்காரர்கள் வாயை மூடினார்கள், வெள்ளரி பிழைத்தது. அவனுக்கோ மதினியின் கைகளைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு எரிந்தது.

அதிகாரி போனதும் அவள் பின்னாலேயே போனான். "பாய்லர் உறையாம இருக்கக் கொஞ்சமாவது விட்டு வச்சீங்களா மதினி? கண்ணாடிக் குழாய்ல ஒண்ணும் தெரியலயே."

"அடியில கெடக்கு. நான் என்ன சின்னப் பிள்ளையா? போ, போய் வேலையப் பாரு."

"மான்ஹோவை வரச் சொல்றேன். இந்தத் தடவ லாரியத் திருப்பினீங்கன்னா நான் உங்க கூடப் பேச மாட்டேன்."

"வரட்டும் வரட்டும்" என்றாள். அவ்வளவு லேசாக அவள் ஒப்புக்கொண்டபோதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மான்ஹோவுக்குப் போன் போட்டான். "நாளைக்குக் காலையில முதல் வண்டி அங்கதாண்ணே. இன்னிக்கு மேட்டுப் பாதையில ஐஸ், டயர் வழுக்குது. காசு பேச்சே வேண்டாம்." அவன்தான் எழுதிப் போட்டவன் என்றால் அன்று அவனும் தூங்கியிருக்க மாட்டான்.

அந்த ராத்திரி மலையிலிருந்து இறங்கிய குளிர் அந்த வருஷத்திலேயே கொடுமையானது. குடில்களில் சூடேற்றி விடியும்வரை நிற்காமல் ஓடியது. வெள்ளரி இலைகூட வாடவில்லை.

விடிந்ததும் கிவான் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. போக்சிம் திறந்தாள். தால்சுன் நின்றுகொண்டிருந்தாள். தலையில் குல்லா, பூட்ஸ் நனைந்து உறைந்திருந்தது. கைகளில் போர்வை சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"உங்க அண்ணனுக்குக் குளிருதாம்" என்றாள் கிவானைப் பார்த்து. "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

போர்வைக்குள் கிஜுனின் படம்.

கிவான் செருப்புக்கூடப் போடாமல் பின்வீட்டுக்கு ஓடினான். தொட்டியின் அடியில் ஒரு சொட்டும் இல்லை. அதிகாரி கண்ணில் எதுவும் படக்கூடாது என்று கடைசிச் சொட்டுவரை இறைத்துவிட்டிருந்தாள். உறையாமல் காக்க பாய்லருக்கு எரிக்க எதுவும் இல்லை. தரைக்கு அடியில் குழாய் வெடித்து, தண்ணீர் விரிப்பைப் பிளந்துகொண்டு மேலே வந்து, அறை முழுக்கப் பளபளவென்று உறைந்து கிடந்தது. கரண்டுப் பாய் பனிக்குள் பாதி முங்கியிருந்தது. அவன் அப்பா போட்ட தரை, அண்ணன் செத்த தரை. மொத்தத்தையும் உடைத்துத்தான் திருப்பிப் போட வேண்டும். யாரிடம் இருக்கிறது அதற்குப் பணம்?

திரும்பி வந்தபோது போக்சிம் அறையில் எங்கே அதிகம் சுடுமோ அந்த இடத்தில் அண்ணன் படத்தை வைத்திருந்தாள். தால்சுன் கதவோரத்தில், குளிர்காற்று நுழைகிற இடத்தில், விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள தள்ளி உக்காருங்க அக்கா" என்று போக்சிம் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை.

கிவான் அவள் எதிரில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டான். "ஏன் மதினி பொய் சொன்னீங்க? எனக்காக வீட்டையே..."

"சும்மா இரு. உங்க அண்ணன் பாக்கறாரு." அவள் விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த அதிகாரி சொன்னாரே, ஆள் படுத்தாத்தான் வீடுன்னு. அப்போ அது இனிமே வீடு இல்ல தம்பி."

வெளியே மேட்டுப் பாதையில் மான்ஹோவின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. போய் அவனைத் திருப்பி அனுப்ப யாரும் எழுந்திருக்கவில்லை.